கேமராக்கள் மின்னிய கைகுலுக்கல்



இந்த இதழில் கல்லூரி விளையாட்டுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறோம். பக்கங்களைத் திருத்தும்போதெல்லாம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு கேப்டன்கள் கைகுலுக்குகிறார்கள். சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் ஜெரி ஹார்க்னஸ் கறுப்பினத்தவர். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ டான் கோல்ட் வெள்ளையர். நாள் 1963 மார்ச் 15. இடம் மிஷிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங்.

லயோலாவில் களமிறங்கிய ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று கறுப்பின வீரர்களுக்கு மேல் இறக்கக் கூடாது என்பது அன்றைய பயிற்சியாளர்களிடையே எழுதப்படாத விதி. லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாண்ட் அதைப் பொருட்படுத்தவில்லை.

மிசிசிப்பி ஸ்டேட் முழுக்க வெள்ளையர் அணி. 1959, 1961, 1962 என மூன்று முறை தங்கள் வட்டாரத்தில் முதலிடம் பிடித்தும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அங்கே கறுப்பின வீரர்களுக்கு எதிராக ஆட வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். ஜெயித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை! 1963இல் நான்காவது முறையாக முதலிடம். இம்முறை அனுப்பியே தீருவது என்று பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வார்ட் முடிவெடுத்தார். ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் அதே மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்காகக் கலவரம் மூண்டு இரண்டு உயிர்கள் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த மாநிலத்தில் அப்படி முடிவெடுக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

அணி மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று எதிர்ப்பாளர்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். உத்தரவு கைக்கு வந்து சேருமுன்பே பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி இரவோடு இரவாக எல்லை தாண்டிவிட்டார். மறுநாள் காலை மாற்று வீரர்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பி நோட்டம் பார்த்தார்கள். தடுக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் முக்கிய வீரர்கள் விரைந்து வந்து விமானம் ஏறினார்கள். ஒரு பந்தாட்டம் ஆடுவதற்காகச் சொந்த ஊரிலிருந்தே ஒளிந்து ஓடிய அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேப்டன்கள் கை நீட்டிய அந்த நொடியில் கேமரா விளக்குகள் சரமாரியாக மின்னின. இது வெறும் ஆட்டமல்ல என்று அப்போதுதான் உறைத்தது என்று ஹார்க்னஸ் பின்னாளில் சொன்னார்.

முதல் ஏழு புள்ளிகளும் மிசிசிப்பிக்கே. பிறகு லயோலா மெல்ல மேலேறி 61–51 என வென்றது. கைகலப்பு இல்லை, வசை இல்லை. எட்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில், முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த சின்சினாட்டியைக் கூடுதல் நேரத்தில் 60–58 என வீழ்த்தி லயோலா கோப்பையைத் தூக்கியது. அந்த ஐவரும் மாற்று வீரரே இல்லாமல் முழு ஆட்டத்தையும் ஆடினார்கள்.

ஆனாலும் எனக்கு அந்தக் கோப்பையைவிடக் கைகுலுக்கல்தான் பெரிதாகத் தெரிகிறது. எதிரெதிரே நின்ற அந்த இருவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள். 2011இல் கோல்ட் காலமானபோது ஹார்க்னஸ் அஞ்சலி செலுத்தப் போனார். உள்ளே நுழைந்ததும் சவப்பெட்டியின் அருகே அவர் கண்டது அந்தப் படத்தைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்