பெரிய ஆம்ப்ளிஃபையரா, நல்ல கூம்பா?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையைக் கடப்பார்கள். பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் ஊர் அது. 2022-ஆம் ஆண்டில் அவ்வூர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சீவாளியருகே குறுகலாகத் தொடங்கி, போகப் போக அகன்று, அணசு என்னும் விரிந்த வாயில் முடியும் அக்குழலின் ஓசை, மின்சாரமே இல்லாத காலத்தில் கோயிலின் நான்கு வீதிகளுக்கும் எட்டியது. இன்றைய கல்யாணப் பந்தலிலோ அதன் முன்னாலும் ஒரு மைக்கை நிறுத்துகிறோம். போதாதென்று, “இன்னும் ஆயிரம் வாட் இருந்தால் எடுப்பாக இருக்கும்” என்கிறார் மைக் செட்காரர். நமக்குக் குறைவது வாட் அல்ல, வடிவத்தைப் பற்றிய அறிவே என்பது என் கட்சி.

குளத்து நீரில் விரலை வேகமாக அசைத்துப் பாருங்கள். நீர் இருபுறமும் நழுவிப் போய்விடும். அதே நீரைப் பீச்சாங்குழலில் நிரப்பித் தண்டை அழுத்தினால், நழுவ இடமின்றி அத்தனையும் பாய்கிறது. ஒலிபெருக்கியின் அதிர்தகடு திறந்த காற்றில் அதிரும்போது நிகழ்வது விரலின் கதைதான். கொடுத்த மின்னாற்றலில் ஏறக்குறைய 1 சதவீதமே ஒலியாகிறது. மீதி கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது! தகட்டின் முன் ஒரு குழலைப் பொருத்தினால் காற்று நழுவாது. ஆனால் குழல் திடீரென்று முடிந்தால் அலையின் பெரும்பகுதி அதன் வாயிலிருந்தே உள்ளே திரும்பிவிடும். ஆகவே அது சிறுகச் சிறுக அகல வேண்டும். அப்படி அமைந்த கூம்பில் 20, 30 சதவீதம்கூட ஒலியாக மாறுவதுண்டு. பேசும் படம் தோன்றிய 1920-களில் சில வாட் ஆம்ப்ளிஃபையர்களைக் கொண்டே பெரிய அரங்குகளை நிரப்பியது இந்த உபாயம்தான். (நாகஸ்வரத்தில் சுரத் துளைகள் வழியாகவும் ஒலி வெளியேறுகிறது. ஆகவே அதை இக்கூம்புக்குச் சகோதரன் என்று சொல்ல முடியாது. ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம்.)

எவ்வளவு அகல வேண்டும்? சம தூரத்துக்கு ஒருமுறை கூம்பின் குறுக்குப் பரப்பு இரட்டிக்க வேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் விதி. வினாடிக்கு 300 அதிர்வுகளும் அதற்கு மேலும் உள்ள ஒலிகளுக்கு அந்தத் தூரம் சுமார் 6 செ.மீ. வாயின் சுற்றளவோ அவ்வொலியின் அலைநீளமான 115 செ.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். சதுரக் கூம்பாகச் செய்தால் கணக்கு எளிது. தொண்டையில் பக்கம் 5 செ.மீ.; 12½ செ.மீ. தள்ளி 10, 25-இல் 20, 34-இல் 33. அவ்வளவுதான், முடிந்தது. கெட்டி அட்டையை இந்த அளவில் வெட்டி (வளைவுக்காக நீளத்தில் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்), ஓரங்களில் காற்றுப் புகாதபடி ஒட்டி, பழைய ரேடியோவின் 3 அங்குல ஸ்பீக்கரைத் தொண்டையில் பொருத்துங்கள். ஸ்பீக்கரின் முதுகுப்புறத்தை ஒரு சிறு பெட்டியால் மூடவும் மறக்காதீர்கள்.

இதில் பேச்சு கணீரென்று கேட்கும். தவிலின் அடித்தொனி கேட்காது. 100 அதிர்வுகள் வரை இறங்க வேண்டுமானால் இரட்டிக்கும் தூரம் 19 செ.மீ. ஆகிறது, வாய் ஒரு மீட்டருக்கு மேல் அகல வேண்டும், நீளமும் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். தென்னை மரத்தில் கட்டிய உலோகக் குழாயில் பாடகர்கள் எல்லாருக்கும் ஜலதோஷம் பிடித்தாற்போல் இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அமெரிக்கரான பால் கிளிப்ஷ் 1940-களில் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். நீண்ட கூம்பை மரப்பெட்டிக்குள் மடித்து வைத்தார். பெட்டியை அறையின் மூலையில் நிறுத்தி, இரு சுவர்களையும் தரையையுமே கூம்பின் தொடர்ச்சியாக்கினார். ஒட்டுப்பலகையும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியதுதான் இது. தச்சு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மைக் செட்காரரின் ஆயிரம் வாட்டுக்கு வருவோம். நூறு வாட்டை ஆயிரமாக்கினால் நம் காதுக்கு ஓசை பத்து மடங்காவதில்லை. ஏறத்தாழ இரு மடங்காகத்தான் தோன்றும். வீணாகும் ஓசை எங்கே போகிறது? நம் பக்கத்து வயல்வெளி சமதரை. தடுக்கக் குன்றோ காடோ கிடையாது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்கும். மரத்து உச்சியில் கட்டிய குழாயின் ஓசை இரண்டு ஊர் தள்ளிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஜன்னலுக்குள் நுழைவது இதனால்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி இருக்கட்டும், பந்தலில் இருநூறு பேர் கேட்க வேண்டிய பாட்டை இருபதாயிரம் பேர் மேல் இறைப்பது எஞ்சினீயரிங்கே அல்ல என்பேன். நல்ல கூம்பைத் தலை உயரத்தில் வைத்து, கேட்பவர்களை நோக்கித் திருப்பினால் பத்து, இருபது வாட்டே தாராளம். நாகஸ்வரத்துக்கு அதுவும் வேண்டியதில்லை!

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அட்டைக் கூம்பு தயாரானதும், ஒரு மாலையில் வயல் வரப்பில் ரேடியோச் செய்தியை ஒலிக்க விடுங்கள். கூம்பு இல்லாமல் எத்தனை காலடி வரை சொற்கள் விளங்குகின்றன, கூம்புடன் எத்தனை காலடி வரை என்று நடந்து எண்ணிக் குறித்து வையுங்கள். ஆம்ப்ளிஃபையரின் குமிழை மட்டும் யாரும் திருகாமல் பார்த்துக்கொள்ள ஒரு நண்பரை அங்கேயே நிறுத்துங்கள்.