யாழ்ப்பாணமா, கொழும்பா?

சிறு நகரத்தில் அமைதி, பெருநகரத்தில் முன்னேற்றம். இரண்டில் எதனைக் கொள்வது என்பது நம் மத்தியதர வர்க்கத்தார் ஓயாது நடத்தும் வழக்கு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் கொழும்பின் சம்பளத்தைப் பேசுவார். வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருப்பவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நினைத்துப் பெருமூச்செறிவார். இருவருமே வாடகைக்கும் வட்டிக்கும் அஞ்சாதவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அந்த அமைதியை முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவர் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. "நீர் ஆற்றை மோன்?" என்பது அன்பின் கேள்வியாம். காணியும் கோயில் உரிமையும் உடையவனுக்கு அது அவ்வாறே ஒலிக்கும். ஒடுக்கப்பட்டவனுக்கோ, தேநீர்க்கடையில் அவன் எங்கே இருப்பது, எப்பாத்திரத்தில் குடிப்பது என்பதைத் தீர்மானித்த கேள்வி அது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. வந்தும் என்ன? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. ஒருவரையொருவர் நன்கறிந்த இதே ஊரிலிருந்துதான் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் விரட்டினர். தலைமுறை தலைமுறையான அறிமுகம் அவர்களுக்கு எவ்வகையில் உதவிற்று?

ஆகவே கொழும்பை நாடிப் போனவர்களை 'ஊரை மறந்தவர்கள்' என்று ஏசும் அருகதை நமக்கில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனின் பாட்டன் யார் என்று அந்நகரம் விசாரிப்பதில்லை. (கலியாணப் பேச்செடுத்தால் வெள்ளவத்தையிலும் அக்கேள்வி உயிர்த்தெழும் என்பது வேறு விடயம்.)

ஆனால் பாட்டனைக் கேளாத கொழும்பு அடையாள அட்டையைக் கேட்டது. 1983 ஆடியில் அது செய்ததை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2007 ஜூனிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது நின்றது. தமிழருக்கு மட்டுமா அந்நகரம் கொடியது? 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்தபோது அதனடியில் புதையுண்டவர்கள் அயலிலிருந்த ஏழைகள். மாநகரம் முன்னேறியது; அதன் கழிவு அவர்கள் தலையில் விழுந்தது.

இனி, தெரிவு என்ற பேச்சுக்கு வருவோம். அமைச்சுகளும், திணைக்களங்களின் தலைமையகங்களும், வங்கிகளும், பெருந்துறைமுகமும் மேல் மாகாணத்தில் குவிந்திருக்க, வடக்கின் இளைஞன் தன் விருப்பத்தால் ரயிலேறுகிறான் என்பது ஏமாற்று. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, ஊரை விட்டு அகலாமலே கூலி பெறலாம் என்பதைக் காட்டியது. 1990இல் யுத்தம் அதனை நிறுத்திற்று. அதன் பின் ஊரில் எஞ்சியவை ஆசிரிய வேலையும், கடைச் சிப்பந்தி வேலையும், வெளிநாட்டிலிருந்து வரும் காசும். இதற்குப் பெயர் அமைதியா?

யாழ்ப்பாணத்துக்குத் தொழில் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் பெரியோர் இன்று பலர். அவர்களை நாமும் ஆதரிப்போம். அத்துடன், எழும் தொழிற்சாலைக்கு யாருடைய காணி எடுக்கப்படும், அதன் வாயிலில் வேலை கேட்டு நிற்பவனிடம் "நீர் ஆற்றை மோன்?" என்று கேட்கப்படுமா என்பதையும் அந்த மேடையிலேயே கேட்போம்.