ஸ்மூத்திக்கு 9,000 ரூபாய் பிளெண்டரா? முதல்ல 30 கிளாஸ் கணக்கு போடுங்க



அப்ரைசல் முடிஞ்சு சம்பளம் கொஞ்சம் ஏறினதும் நம்மள்ல நிறைய பேர் எடுக்கிற முதல் முடிவு, "இனிமே ஹெல்த்தியா சாப்பிடணும்". ரெண்டாவது முடிவு, அதுக்கு ஒரு மெஷின் வாங்குறது. அந்த மெஷின் இப்போ பெரும்பாலும் பிளெண்டர். காலையில ஒரு ஸ்மூத்தி குடிச்சிட்டு ஆபீஸ் போயிடலாம்னு பிளான். ஆசையில தப்பே இல்ல. ஆனா "எந்த பிளெண்டர் வாங்கலாம்?"ங்கிறது ரெண்டாவது கேள்வி. "எனக்கு இந்தப் பழக்கம் நிக்குமா?"ங்கிறதுதான் முதல் கேள்வி. என்னோட கருத்து இதுதான்: பழக்கத்தை முதல்ல உருவாக்குங்க, மெஷினை அப்புறம் வாங்குங்க.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு பார்க்கலாம். 9,000 ரூபாய்க்கு ஒரு பிளெண்டர் வாங்குறீங்க. வாரத்துக்கு 4 நாள் வீதம் 3 வருஷம் ஓட்டினா 624 கிளாஸ். ஒரு கிளாஸுக்கு மெஷின் செலவு 15 ரூபாய்கூட வராது, சூப்பர் டீல். அதே மெஷினை 30 தடவை ஓட்டிட்டு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சா? ஒரு கிளாஸுக்கு 300 ரூபாய். மெஷின் அதே மெஷின்தான், விலையும் அதேதான். உங்க பழக்கம்தான் அதை மலிவாவும் ஆக்குது, காஸ்ட்லியாவும் ஆக்குது.

"வெளியில வாங்குற காசு மிச்சம்தானே?"ன்னு கேப்பீங்க. இங்க உங்களுக்கு நீங்களே நேர்மையா இருக்கணும். ஆப்ல ஆர்டர் பண்ணி டெலிவரியோட ஒரு ஸ்மூத்தி 200 ரூபாய்னு வச்சுக்கோங்க. வீட்டுல பால், வாழைப்பழம், ஓட்ஸ், கொஞ்சம் வேர்க்கடலை போட்டா 40 ரூபாய். கிளாஸுக்கு 160 மிச்சம், 57 கிளாஸ்ல மெஷின் காசு திரும்ப வந்துடும். ஆனா இந்தக் கணக்கு ஏற்கெனவே வெளியில வாங்கிக் குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். இப்போ நீங்க காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்புற ஆளுன்னா, ஸ்மூத்தி உங்களுக்கு சேமிப்பு இல்ல, புதுச் செலவு. ஃப்ரோசன் புளூபெர்ரி, சியா விதை, பாதாம் பால்னு போனா கிளாஸ் 100 ரூபாயைத் தாண்டிடும். மாசம் 17 கிளாஸ்னா 1,700 ரூபாய். ஒரு சின்ன எஸ்ஐபி போடுற அளவுக்குப் பணம் அது.

சரி, மெஷின் இல்லாம பழக்கத்தை எப்படி சோதிக்கிறது? உங்க வீட்டு மிக்ஸியிலதான். மிக்ஸியை நம்ம ஆளுங்க குறைச்சு மதிக்கிறாங்க. 1960-கள்ல மும்பையில சத்ய பிரகாஷ் மாத்தூர்ங்கிற இன்ஜினியர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினதே, வெளிநாட்டு மெஷின் நம்ம ஊர் அரைவைக்குத் தாங்கலங்கிறதாலதான். ஊறவச்ச பருப்பையும் காய்ஞ்ச மிளகாயையும் அரைக்கிற மோட்டாருக்கு வாழைப்பழம் ஒரு வேலையே இல்ல.

மிக்ஸியோட வந்த உயரமான ஜூஸ் ஜாரை அலமாரியில இருந்து எடுங்க. முதல்ல பால் இல்ல தண்ணி, அப்புறம் மெத்துனு இருக்கிற பழம், கடைசியா உறைஞ்ச பழம். உறைய வைக்கிறப்பவே சின்னத் துண்டா வெட்டிடுங்க. அரைக்கிறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி வெளியில எடுத்து வச்சா போதும். நடுவுல மெஷின் திடீர்னு நின்னுட்டா பயப்படாதீங்க. நிறைய மாடல்ல அடியில ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அது ஓவர்லோட் ஸ்விட்ச். பிளக்கைக் கழட்டி, ஆற விட்டு, அதை அமுக்கினா மறுபடியும் ஓடும். இது தெரியாமலே "மிக்ஸி போச்சு"ன்னு புதுசு வாங்குறவங்க உண்டு.

அப்போ பிளெண்டரே வேண்டாமா? அப்படிச் சொல்லல. அதோட ஜாரும் பிளேடும் திரவத்தைச் சுழிச்சுக் கீழே இழுக்கிற மாதிரி வடிவமைச்சது. தினமும் ஐஸ், உறைஞ்ச பழம், கீரைன்னு அரைக்கிறவங்களுக்கு நார் தட்டுப்படாம வரும். பிஜியிலயோ தனி ரூம்லயோ மிக்ஸி இல்லாம இருக்கிறவங்களுக்கு 2,500 ரூபாய் ரேஞ்சுல ஒரு சின்ன பாட்டில் பிளெண்டர் நியாயமான செலவு. முன்னாடி சொன்ன 160 ரூபாய் கணக்குல 16 கிளாஸ்ல காசு எடுத்துடலாம். ஆனா அதுல மசாலா அரைக்கப் போகாதீங்க, அதுக்காகச் செஞ்சது இல்ல.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா, வாட்ஸ் நம்பரை மட்டும் பார்க்காதீங்க. மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, வாரன்டி மோட்டாருக்கு மட்டுமா, ஜாருக்கும் சேர்த்தா? ரெண்டு, ஜார், வாஷர், கப்ளர் தனியா கிடைக்குமா, என்ன விலை? வழக்கமா முதல்ல தேயறது இதுங்கதான். மூணு, உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கா?

அமெரிக்காவுல இருந்து வர்ற ஃப்ரெண்டுகிட்ட வைட்டமிக்ஸ் வாங்கிட்டு வரச் சொல்ற ஐடியா இருந்தா, ஒரு நிமிஷம். அங்க விக்கிறது 120 வோல்ட் மெஷின். நம்ம வீட்டுல வர்றது 230 வோல்ட். நேரா சொருகினா மோட்டார் காலி. அவ்வளவு பவர் தாங்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கனமான பொருள், அதுக்கும் தனிச் செலவு. இந்தியாவுல வாரன்டி செல்லுமான்னும் கேட்டுக்கோங்க.

கடைசியா, "நோ காஸ்ட் இஎம்ஐ". வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது என்னன்னா, பேங்க் வட்டி போடும், அந்தத் தொகையை விற்கிறவர் விலையில தள்ளுபடியா கொடுப்பார். ஆனா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையிலதான். 9,000 ரூபாய் பொருளை 9 மாச இஎம்ஐல, 15 சதவீத வட்டியில எடுத்தா, அந்த ஜிஎஸ்டியும் 199 ரூபாய் பிராசஸிங் ஃபீயும் அதுக்கான வரியும் சேர்த்து சுமார் 330 ரூபாய் கூடுதல். 330 பெரிய தொகை இல்லதான். ஆனா ஸ்மூத்தி பழக்கம் ரெண்டாவது மாசமே நின்னுட்டாலும் இஎம்ஐ ஒன்பதாவது மாசம் வரைக்கும் வரும். ஏர் ஃப்ரையர், காபி மெஷின், பிளெண்டர்னு மூணு "வெறும் ஆயிரம்" சேர்ந்தா, 30,000 சம்பளத்துல பத்துல ஒரு பங்கு கிச்சன் மேடையிலயே போயிடும்.

அதனால என் பரிந்துரை: அடுத்த ரெண்டு மாசத்துல மிக்ஸியிலயே 30 கிளாஸ் போடுங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் காலண்டர்ல ஒரு டிக். கூடவே அந்தக் காசை மாசாமாசம் தனியா எடுத்து வைங்க. 30 டிக் வந்துச்சுன்னா, முழுப் பணம் கொடுத்து நல்ல பிளெண்டரா வாங்குங்க, நானே கைதட்டுறேன். 9 டிக்லயே நின்னுடுச்சா? எடுத்து வச்ச பணம் உங்ககிட்டயே இருக்கு. ஜாரைக் கழுவிட்டு சட்னி அரைங்க.

இந்தப் பதிவுக்குக் கீழ பிளெண்டர் லிங்க் எதுவும் போடல, வேணும்னேதான். உங்க டிக் எண்ணிக்கையை கமெண்ட்ல சொல்லுங்க.