ரோட்ஸ் யாருடைய வரலாறு?

செசில் ரோட்ஸ் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் நம் கல்விப்புலத்தில் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. அவர் தம் காலத்தின் மனிதர் என்பது ஒன்று. அது ஆப்பிரிக்கரின் வழக்கு, தமிழருக்கு அதில் என்ன வேலை என்பது மற்றொன்று. இரண்டும் பிழையானவை.

1888இல் ரட் ஒப்பந்தத்தின் வழியே ந்டெபெலே அரசர் லொபெங்குலாவிடம் ரோட்ஸின் ஆட்கள் சுரங்க உரிமை பெற்றனர். ஏமாற்றப்பட்டதை உணர்ந்த அரசர், மறு ஆண்டே அதை மறுத்து விக்டோரியா அரசிக்கு முறையிட்டார். அதே 1889இல்தான் ரோட்ஸின் கம்பெனிக்கு அரச சாசனம் வழங்கப்பட்டது. 1893இல் கம்பெனிப் படை மாக்சிம் துப்பாக்கிகளோடு சென்று லொபெங்குலாவின் அரசை வீழ்த்தியது. 1897இல் ஒலிவ் ஷ்ரைனர் அக்கம்பெனியின் கொடுமைகளைக் கண்டித்து ஒரு நாவலே எழுதினார். லொபெங்குலாவும் ஷ்ரைனரும் வேறு எந்தக் காலத்தவர்? காலத்தின் மீது பழிபோடுவோர், வென்றவர்களை மட்டுமே அக்காலத்தின் மனிதர்களாகக் கணக்கிடுகின்றனர்.

இரண்டாம் விடைக்கு வருவோம். 1894இல் கேப் காலனியின் பிரதமராக ரோட்ஸ் கொண்டுவந்த கிளென் கிரே சட்டம், ஆண்டில் மூன்று மாதமேனும் மாவட்டத்துக்கு வெளியே உழைக்காத ஆப்பிரிக்க ஆண்கள் மீது 10 ஷில்லிங் வரி விதித்தது. 1895இல் நேட்டால் அரசு, ஒப்பந்தக்காலம் முடிந்தும் தாயகம் திரும்பாத இந்தியக் கூலிகள் மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. நேட்டால் சட்டத்தை ரோட்ஸ் இயற்றவில்லை. ஆயினும் இரண்டின் தருக்கமும் ஒன்றே: சுதந்திரமாக வாழ்வதற்கு அபராதம் விதித்தால் மனிதன் தானாகவே முதலாளியின் வாசலுக்கு வருவான்.

கிம்பர்லியில் ரோட்ஸின் டி பியர்ஸ் நிறுவனம் ஆப்பிரிக்கத் தொழிலாளரை வேலியிட்ட வளாகங்களில் அடைத்து வைத்தது. 1913இல் திரான்சுவால் தமிழ்ப் பெண்கள் நியூகாசிலுக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். அப்போது தென்னாப்பிரிக்க ஒன்றிய அரசு சுரங்க வளாகங்களையே சிறைகளாக அறிவித்தது. அவற்றில் அடைபட்டவர்களுள் தமிழரும் இருந்தனர். சிறையில் நோயுற்று 1914இல் மாண்ட தில்லையாடி வள்ளியம்மையைப் போற்றுவோர், அவர் எதிர்த்த ஒழுங்கின் சிற்பிகளுக்கு விலக்கு அளிக்க இயலாது.

ரோட்ஸ் உதவித்தொகை பெறும் இந்திய மாணவரைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அந்த நிதியின் ஊற்று கிம்பர்லியின் உழைப்பு. அது கொடையாளியின் கருணை அன்று. கொடைக்கு நன்றி கூறும் மேடையில் உழைத்தவரின் பெயர் ஒலிக்காதவரை, அந்த நன்றி தவறான முகவரிக்கே சென்றுகொண்டிருக்கும்.