புருவம் எழுதுமுன்

மையால் தீட்டிய புருவத்தை மாலையில் கழுவிவிடலாம். ஊசியால் குத்தி எழுதிய புருவத்தை எந்தச் சோப்புக் கழுவும்? சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்தபின் இக்கேள்வியை நான் எழுப்பியபோது, நண்பர் ஒருவர், "படிக்க வந்த பெண்களுக்கு இந்த வேலை எதற்கு?" என்று நகைத்தார். பொங்கல் விழா நாடகத்திற்கு மீசை வரைய அரைமணி நேரம் கண்ணாடியை விட்டு நகராதவர் அவர்! அவருக்காக அன்று, அவர் நகைப்புக்கு அஞ்சி வாய் திறவாத தோழியருக்காகவே இதை எழுதுகிறேன்.

என் அறைத்தோழிக்குப் புழுவெட்டினால் இடப் புருவத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. ஊரில் நிச்சயதார்த்தமோ நெருங்கிற்று. இங்கே டில்லியில் ஓர் அழகு நிலையத்திற்கு, மைக்ரோபிளேடிங் என்னும் நிலைப்புருவம் எழுதிக்கொள்ளப் போனாள். இழந்ததைத் திரும்பப் பெற விரும்புவது குற்றமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த அம்மையார் இந்தியில் படபடவென்று பேசினார். இவளுக்கோ இந்தி அரைகுறை. கேட்க நினைத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, தலையை ஆட்டி, படித்துப் பாராத தாளில் கையொப்பமிட்டாள். ஐந்தாம் நாள் புருவம் வீங்கிச் சீழ் பிடித்தது. தோல் மருத்துவர் கொடுத்த மருந்தில் புண் ஆறிற்று. கோணலாகப் படிந்த நிறம் ஆறவில்லை. புழுவெட்டில் பலருக்கு முடி தானே மீண்டும் வளர்வதுண்டு என்பதையும் அந்த மருத்துவர்தான் சொன்னார். முதலில் போயிருக்கவேண்டிய இடத்திற்குக் கடைசியில் போனோம்.

தோலின் மேற்படலம் ஏறத்தாழ ஒரு திங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். நிறம் தங்குவது அதன் அடியில். அங்கே உடலின் காவலர்களாகிய மாக்ரோபேஜ் உயிரணுக்கள் நிறத்துகளை விழுங்குகின்றன; செரிக்க இயலாமல் வைத்திருக்கின்றன. ஒன்று இறந்தால், அது விட்டதை மற்றொன்று விழுங்கிக்கொள்கிறது. 2018-இல் பிரெஞ்சு அறிஞர்கள் எலிகளிடம் இதைக் கண்டு காட்டினர். ஆகவே "ஓரிரு ஆண்டில் மறைந்துவிடும்" என்றால், மங்கும் என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள். லேசரால் அழிக்கலாமே என்பீர்கள். இரும்பு ஆக்சைடும் டைட்டேனியமும் கலந்த பழுப்பு நிறங்கள் லேசர் பட்டதும் கறுத்துப்போவதுண்டு!

என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருக்கிறது. திருவிழாவில் பச்சை குத்தியவள் வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் ஒரே ஊசியால் குத்தினாளாம். அன்று அறியாமை. இன்று மஞ்சட்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, அவற்றோடு எச்.ஐ.வி. ஆகியவை ஊசிவழிப் பரவும் என்று பள்ளிப்பிள்ளையும் படிக்கிறதே! பச்சை குத்திக்கொண்டவரிடம் ஓராண்டுக்கு இரத்தம் பெறுதல் ஆகாது என்று நம் நாட்டு இரத்த வங்கிகளுக்கு விதியும் உண்டு.

சுவரில் தொங்கும் சான்றிதழைக் கண்டு மயங்காதீர்கள். இரண்டு நாள் வகுப்புக்கும் பொன்னெழுத்துச் சான்றிதழ் கிடைக்கிறது. யாரிடம் பயின்றார், எத்தனை பேருக்கு ஆசிரியர் மேற்பார்வையில் எழுதினார் என்று கேளுங்கள். எழுதிய அன்றே எடுத்த படத்தில் எல்லாப் புருவமும் அழகுதான். ஆறி, ஓராண்டு கழித்து எடுத்த படம் இருக்கிறதா? ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கவேண்டும். நீல விளக்கு எரியும் பெட்டியைக் காட்டி "எல்லாம் சுத்தம்" என்பவரை நம்பவேண்டாம். நுண்ணுயிரியல் மாணவியாகிய நான் நாள்தோறும் 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் 15 நிமிடம் வைத்த பின்பே ஒரு கருவியைத் தூயது என்பேன். நீரிழிவு உண்டா, தழும்பு தடிக்கும் உடலா, என்ன மருந்து உண்கிறீர்கள் என்று கேளாமலும், நிறத்தைக் காதின் பின்புறம் சிறிது வைத்துச் சில நாள் பாராமலும் ஊசியை எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். மாணவருக்குப் பாதிக் கட்டணம் என்ற பலகையைக் கண்டால் இன்னும் விரைவாக எழுந்து வாருங்கள்.

இவற்றையெல்லாம் இந்தியில் கேட்கத் தயங்குவோர் உண்டு. நானும் முதலாண்டில் அப்படித்தான் இருந்தேன். இப்போது சண்டை போடும் அளவுக்கு இந்தி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஆய்வக வேலை இல்லை. முன்னாளே சொன்னால் கூட வருகிறேன்.