ஒரு வேளையா, இரண்டு வேளையா?

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்துக் கொஞ்ச நாள் ஆனதும் பெற்றோருக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. சாயங்காலம் மட்டும் போதுமா, காலையிலும் அனுப்பலாமா? மாஸ்டரும் "நல்லா வளையுது, காலையிலயும் கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லியிருப்பார். பெரிய வீரர்களெல்லாம் இரண்டு வேளையும் பழகுகிறார்கள் என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள்.

இருக்கன்குடி போன்ற ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. பெரிய மெத்தையும் பாரும் வால்ட் மேசையும் உள்ள இடத்துக்குப் போக சாத்தூர் வந்து பஸ் மாற வேண்டும். பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ வேன் ஏறுகிறவர்கள் வீட்டில் இருந்தால், விடியும் முன்பே விளக்கு எரியும். பிள்ளையும் அப்போதே விழித்துக்கொள்ளும். இங்கே இரண்டு வேளைப் பயிற்சி என்றால் இரண்டு வேளைப் பயணமும் சேர்ந்தே வரும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு வேளை தாராளம். அதுவும் வாரம் ஏழு நாளும் வேண்டாம்.

முதலில் வாரக் கணக்கைப் போடுவோம். அமெரிக்காவில் ஏழு முதல் பதினெட்டு வயது வரையுள்ள விளையாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர் நீரு ஜெயந்தி குழுவினர் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிலிருந்து கிடைத்த ஒரு அளவுகோலை எந்தத் தாயும் விரல் விட்டு எண்ணிவிடலாம்: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி போனால், அதிகப்படி உழைப்பால் வரும் கடுமையான காயங்கள் கூடுகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உச்சவரம்பு ஒன்பது மணி நேரம். நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம் நான்கு நாள் போனாலே எட்டு ஆகிவிடும். அந்த நாட்களில் காலையிலும் ஒரு மணி நேரம் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் உலகம் இந்தக் கணக்கை மதிப்பதில்லை என்பதும் உண்மைதான். பெரிய மையங்களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் பழகுகிறார்கள். ஆனால் அங்கே பிசியோதெரபிஸ்ட் பக்கத்திலேயே இருப்பார், மத்தியானம் தூங்க இடம் இருக்கும், பள்ளிக்கூட நேரமும் பயிற்சிக்கு ஏற்ப மாறும். அந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாமல் மணிக்கணக்கை மட்டும் நாம் எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கட்டுப்பாடு ஏன் என்பது புரியும். வளரும் எலும்பின் நுனிப் பக்கம் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். வளர்ச்சி முடிந்த பிறகே அது கெட்டிப்படும். அதுவரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அடியைத் தாங்குவது அதற்குக் கஷ்டம். பூச்சு காயாத சுவரில் ஆணி அடித்தால் அடிக்கிறபோது இறங்கத்தான் செய்யும். விரிசல் பிறகுதான் தெரியும்.

கபடி, ஓட்டம் எல்லாவற்றிலும் உடம்பைக் கால்தான் சுமக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸில் கார்ட்வீல், ஹேண்ட்ஸ்டாண்ட், ஹேண்ட்ஸ்பிரிங் என்று எதை எடுத்தாலும் பாரம் மணிக்கட்டில் வந்து இறங்குகிறது. குதித்து ஊன்றும்போது உடல் எடையைவிடக் கூடுதலான பாரம் விழும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பிள்ளையைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, சாய்ந்து தள்ளச் சொல்லுங்கள். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் சுள்ளென்று வலித்து, அந்த வலி ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் போகவில்லை என்றால், எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுப்பதுதான் சரி. கிரேப் பேண்டேஜ் சுற்றி மறுநாள் அனுப்பி வைப்பது வழக்கமாக இருக்கிறது, அது தப்பு. பின்பக்கம் வளையும்போது இடுப்புக்கு மேல் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றாலும் அப்படித்தான். முதுகெலும்பில் மயிரிழை போன்ற முறிவு இப்படித்தான் தொடங்கும்.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் கிடுகிடுவென்று வளர்வார்கள்; பையன்களுக்கு இரண்டு வருடம் தள்ளி வரும். கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே இடைவெளி திடீரென்று கூடினால், அந்தக் காலத்தில் குதித்து இறங்கும் பயிற்சியைக் குறைக்கச் சொல்லி மாஸ்டரிடம் பேச வேண்டும். எலும்பு நீண்ட வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. நேற்று வரை சுளுவாகப் போட்ட பல்டி அப்போது தடுமாறும். அதைச் சோம்பல் என்று நினைத்து ஒரு வேளையைக் கூட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கெட்ட நேரம் வேறு கிடையாது.

இவ்வளவு அவசரம் எங்கிருந்து வந்தது? 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி பதினான்கு வயதில் பத்துக்குப் பத்து வாங்கியதிலிருந்து, பிஞ்சிலேயே பிடித்தால்தான் ஆச்சு என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவர் கதை போதும். 1978 உலக சாம்பியனான சோவியத் யூனியனின் எலெனா முகினா கால் முறிவு சரியாக ஆறும் முன்பே பயிற்சிக்கு இழுக்கப்பட்டார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருந்தபோது, அசந்துபோன உடம்போடு ஒரு கடினமான பல்டியில் கழுத்து முறிந்தது. 2006இல் சாகும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

இப்போது சர்வதேச விதியே மாறிவிட்டது. 1997 முதல், பதினாறு வயது நிறையும் ஆண்டில்தான் பெண்கள் சீனியர் போட்டிக்கு வர முடியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

நம் நாட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். திரிபுராவின் தீபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கினார். அவருக்குத் தட்டைப் பாதம். அதைச் சரிசெய்யவே பயிற்சியாளர் பிஸ்வேஷ்வர் நந்தி ஏகப்பட்ட காலம் செலவிட்டார். புரொடுனோவா என்ற கடினமான வால்ட்டோடு தீபா காமன்வெல்த் வெண்கலம் வாங்கியது 2014இல், இருபது வயதில். 2016 ரியோவில் 15.066 புள்ளியோடு நான்காம் இடம், வெண்கலம் 0.150 புள்ளியில் போனது. அடுத்த ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை. 2024இல் முப்பது வயதில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். அவர் பயிற்சி நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த வால்ட்டுக்கு முன்னால் ஏறக்குறைய பதினான்கு வருட அடித்தளம் இருந்ததைப் பேசுவதில்லை.

அப்படியானால் காலை வேளையில் ஒன்றுமே கூடாதா? வீட்டில் கால் மணி நேரம் கை கால் நீட்டிப் பழகலாம், தொங்கலாம், வயிற்றுக்கான பயிற்சி செய்யலாம். இதில் குதிப்பும் இல்லை, மணிக்கட்டில் அடியும் இல்லை. ஸ்ப்ளிட் உட்காரும் பிள்ளையின் தோளை அம்மாவே அமுக்கி இறக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தூக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைக்கு ஏழுகூட முழுசாகக் கிடைக்காது. சாப்பாடும் அப்படித்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது வாங்கித் தரும் சாத்தூர் காராச்சேவு நாக்குக்குச் சரி. பயிற்சி முடிந்த பசிக்கு முட்டையோ வேகவைத்த கடலையோ வேண்டும். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாத பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நிற்பதும் உண்டு. பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு பலவீனமாவதற்கு அது முன்னறிவிப்பு.

எனக்கு அதிகக் கவலை தருவது கோடை விடுமுறை. வருடம் முழுக்க வாரம் ஆறு மணி நேரம் பழகிய பிள்ளை, மே மாத முகாமில் திடீரென்று நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று மாறுகிறது. காயம் வருவது பெரும்பாலும் இந்தத் தாவலில்தான், அதுவும் நம் மாவட்டத்து வெயிலில். முகாமுக்கு அனுப்புங்கள், ஒரு வேளைக்கு மட்டும் அனுப்புங்கள். கோயில் விழாவான ஆடி கடைசி வெள்ளிக்கு ஊரே ஜனக்காடாகி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாத அந்த வாரத்தை, மனசாட்சி உறுத்தாமல் ஓய்வு வாரமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வேளைக்கு நேரம் வராமல் போகாது. பதினான்கு, பதினைந்து வயதாகி, வேகமான வளர்ச்சி தணிந்து, மாநிலப் போட்டி அளவுக்கு வந்த பிள்ளைக்கு, வாரத்தில் இரண்டு நாள் இரு வேளை என்று தொடங்கலாம். அப்போதும் இருக்கிற மணி நேரத்தைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் பயணம் மிச்சம், காலைப் பயிற்சி அங்கே இயல்பாகவே இருக்கும். சேர்க்கும்போது விடுதியில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: வாரத்தில் எந்த நாள் முழு ஓய்வு, பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் அன்றைய பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?