கைகளை உயர்த்தச் சொல்லும் முன்

தமிழில் 'சோதனை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆராய்ந்து பார்ப்பது ஒன்று. வந்து வாய்க்கும் துன்பம் மற்றொன்று. விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனை நம்மில் பெரும்பாலோருக்கு முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. கைப்பேசியைத் தட்டில் வைத்து, சட்டத்தைக் கடந்து, மேடையேறிக் கைகளை விரித்து நின்று இறங்கினால் முடிந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அவனை அழைத்து வரும் தாய்க்கும் அது இரண்டாம் பொருளில் தொடங்கி அதிலேயே முடிகிறது. இவ்விரு பொருளையும் பிரித்து வைக்க முடியும். அப்படிப் பிரிப்பதால் பாதுகாப்பு குறையாது, கூடவே செய்யும் என்பது என் துணிபு.

விமானப் பயணம் வசதி படைத்தோரின் கவலைதானே, இலக்கியம் பேசும் இடத்தில் அதை எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். திருச்சிப் பக்கத்தார் கேட்க மாட்டார்கள். முக்கொம்பிலிருந்து ஜீயபுரம், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை என்று ஆற்றோரமாகவே வந்தால், தெருவுக்குச் சிலரேனும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ உழைத்துக்கொண்டிருப்பார்கள். திருச்சி விமான நிலையத்தின் உயிரே அந்தப் போக்குவரத்துதான். 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் 1,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் எழுந்தது. திருவரங்கக் கோவிலின் வண்ணங்களும் கோலமும் அதன் அலங்காரத்துக்கு மூலம். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பலர் தகப்பனைப் பார்க்கப் போகும் குடும்பத்தார். அவர்களுக்கு விமானம் ஆடம்பரமன்று. குடும்பம் ஒன்றுகூட இருக்கும் ஒரே வழி.

என் அக்காவின் கணவர் சிங்கப்பூரில் பணிபுரிகிறார். அக்கா மகனுக்கு இப்போது வயது பதினான்கு. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு குறைவு, கேட்டதைத் திருப்பிச் சொல்வது அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கொம்புக்குப் போய் மதகுகளை எண்ணுவது அவனுக்கு வழக்கம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத் தலைப்பில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்த பிறகு பல மாதங்கள் அவன் அந்தப் பக்கமே வர மறுத்தான். ஊருக்கு அது பாசனச் செய்தி. அவனுக்கோ எண்ணிக்கை தவறிய உலகம். லியோ கானர் 1943இல் இந்த நிலையை முதன்முதலாக விரித்தெழுதியபோதே, மாறாமை மீதுள்ள இந்தப் பிடிப்பைக் குறித்திருக்கிறார்.

தமிழில் இதற்கு 'மன இறுக்கம்' என்றொரு பெயர் வழங்குகிறது. மொழி கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அது உவப்பில்லாத பெயர். மனம் இறுகியிருப்பதாக நாம் வெளியிலிருந்து சொல்கிறோம். உள்ளேயோ கதவே இல்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் புகுந்துகொண்டிருக்கிறது. குழல்விளக்கின் ரீங்காரம், அறிவிப்பின் குரல், பெட்டியின் சக்கரம், பக்கத்தில் நிற்பவரின் வாசனைத் தைலம் என எதையும் ஒதுக்கித்தள்ள இயலாத நிலை பலருக்கு உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி இராது. சிலருக்குச் சத்தம் தாங்காது, சிலருக்குத் தொடுகை தாங்காது, சிலர் சத்தத்தையே தேடிப் போவார்கள். யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவலும் ஆட்டிசம் பற்றிய அவருடைய கட்டுரைகளும் இவ்வுலகைத் தமிழ் வாசகருக்கு ஓரளவு திறந்து காட்டியிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஒருவன் பாதுகாப்புச் சோதனையை எப்படி எதிர்கொள்கிறான் என்று படிப்படியாக நினைத்துப் பாருங்கள். முதலில் வரிசை, எப்போது முடியும் என்று யாரும் சொல்லாத வரிசை. அடுத்து, கையில் இறுகப் பிடித்திருக்கும் பொருளைத் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். அது ஒரு கயிறாக இருக்கலாம், பழைய சாவிக்கொத்தாக இருக்கலாம். அந்த இரைச்சலில் அவனை நிலைநிறுத்தும் ஒரே பொருள் அதுதான். அது இருட்டுப் பெட்டிக்குள் போய் மறைகிறது. மறுபக்கம் வரும் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. காதை மூடியிருந்த ஒலிதடுப்பானும் கழற்றப்படுகிறது. பிறகு ஒரு சட்டம், திடீரென்று ஒரு கீச்சொலி. அதற்கப்புறம் முன்பின் அறியாத ஒருவரின் கை உடம்பில் படுகிறது. அமைதியாகக் கடக்க உதவக்கூடிய அத்தனையையும் முதலில் பறித்துவிட்டு, அதன் பின் அமைதியாக இரு என்கிறோம்.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. மேலைநாட்டு நூல்களில் இதைக் காண முடியாது. நம் விமான நிலையங்களில் உடற்சோதனை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பெண்களின் கண்ணியத்தை எண்ணிச் செய்த நல்ல ஏற்பாடு அது. சிறு பிள்ளையென்றால் தாயோடு போய்விடுவான். மீசை அரும்பத் தொடங்கிய மகனோ ஆண்கள் பக்கம் போயாக வேண்டும்; தாய் திரைக்குப் பின்னால் நிற்பாள். அவனுக்கு உலகத்தை மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரே ஆள், மிகவும் தேவையான மூன்று நிமிடங்களில் அவன் பக்கத்தில் இருக்க மாட்டாள். தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் இது அன்றாட நடைமுறை. ஆண்கள் வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே தாய்மாமனாகிய நான் ஒருமுறை உடன் போனேன். எல்லா வீட்டுக்கும் தாய்மாமன் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் அவனுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை.

அந்தப் பயணத்துக்கு முன் முக்கொம்புப் பூங்காவில்தான் ஒத்திகை பார்த்தோம். தரையில் கோடு கிழித்து வரிசை, இரண்டு மரங்களுக்கு இடையே சட்டம், ஒரு கல்லின் மேல் ஏறிக் கைகளை விரிப்பது, அவனுடைய சாவிக்கொத்தைத் துணிப்பைக்குள் போட்டு எண்ணிக்கை சொல்லித் திருப்பிக் கொடுப்பது. மூன்று ஞாயிறுகளில் அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஆனால் ஒத்திகையில் நாங்கள் சேர்க்காத ஒன்று விமான நிலையத்தில் காத்திருந்தது: அவசரம். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒரு குரல். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டான். "பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம்" என்று வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது ஒரு காவலர் வந்தார், வயது முப்பதுக்குள் இருக்கும். அவனைத் தூக்க முயலவில்லை. தாமும் குந்தி உட்கார்ந்து, கைக்கருவியைத் தம் கைக்கடிகாரத்தின் மேல் பிடித்து ஒலிக்கவைத்தார். "தம்பி, இது கத்தும். ஆனா கடிக்காது. நீ பிடிச்சுப் பாக்குறியா?" அவன் கருவியைத் தொட்டுப் பார்த்தான், இரண்டு முறை ஒலிக்கவைத்தான், தானாக எழுந்து மேடையேறிக் கைகளை விரித்தான். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தக் காவலரைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. நம் வழக்கமும் அதுதான். என் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தனிமனிதரின் நற்குணத்தை நம்பி ஒரு முறைமை இயங்கலாகாது. அன்று அவர் வேறு பணிமுறையில் இருந்திருந்தால்?

வேறுவிதமாகவும் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில் சிறப்புத் தேவை கொண்ட பதின்வயதுச் சிறுவன் ஒருவனை இண்டிகோ நிறுவனம் விமானத்தில் ஏற்ற மறுத்தது. பாதுகாப்புச் சோதனையைக் கடந்து வந்தபோது அவன் கலங்கியிருந்தான் என்று சக பயணி ஒருவர் எழுதினார். பெற்றோர் அமைதிப்படுத்தினார்கள், சக பயணிகள் துணைக்கு நின்றார்கள், பயனில்லை. விமானப் போக்குவரத்து இயக்ககம் விசாரித்து, ஊழியர்கள் நடந்துகொண்ட விதமே நிலைமையை மோசமாக்கியது என்று முடிவுசெய்து, ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகு விதியும் திருத்தப்பட்டது: உடற்குறையையோ மனவளர்ச்சிக் குறையையோ காட்டி, மருத்துவரின் கருத்தைக் கேளாமல் எவரையும் ஏற்ற மறுக்கக் கூடாது.

திருச்சிக்காரர்களுக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வரக்கூடும். 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த சாலை விபத்தைத் தொடர்ந்து வலது காலை இழந்து, செயற்கைக் காலோடு மீண்டும் ஆடி நாடறிந்த சுதா சந்திரன். ஒவ்வொரு விமான நிலையத்திலும் தம் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் அவர் காணொளியில் முறையிட்டார். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லலாகாது, இசைவின்றி எவரையும் தூக்குவது மனிதத்தன்மை அன்று என்று சொன்னது. பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டுத் தொடுத்த வழக்கின் தொடர்ச்சி அது. அவ்வழக்கில் 2016இல் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது.

கவனியுங்கள், சுதா சந்திரனின் கால் கண்ணுக்குத் தெரிகிறது. ஜீஜா கோஷின் நிலையும் தெரிகிறது. ஆட்டிசம் தெரிவதில்லை. மாற்றுத்திறன் என்றால் சக்கர நாற்காலி என்று பழகிய கண்ணுக்கு, நன்றாக ஓடியாடும் பிள்ளை அடம்பிடிப்பவனாகவே படுவான். அதனால் நன்றாக நடக்கும் பிள்ளைக்கும் சக்கர நாற்காலி கேட்டு வாங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். முறைமைக்குப் புரியும் ஒரே மொழியில் பேச வேண்டியிருக்கிறது! சட்டத்தில் இடமில்லாமலில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஆட்டிசம் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்றாகவும் ஆனது. சட்டத்தில் ஏறியது சோதனை மேடைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

பாதுகாப்பை இலேசாக எண்ணி இதை எழுதவில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தமிழர் மறக்க முடியாது. 1985இல் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் மாண்டார்கள். 1999 டிசம்பரில் காந்தகாருக்கு விமானம் கடத்தப்பட்டதன் பிறகே நம் நிலையங்கள் தொழிற்பாதுகாப்புப் படையின் பொறுப்புக்கு வந்தன. இந்தச் சோதனைகள் உயிர்களின் விலையில் வந்தவை. ஆனால் சோதனையின் நோக்கம் ஆபத்தைக் கண்டுபிடிப்பது, கீழ்ப்படியாமையைத் தண்டிப்பதன்று. சொன்னதை உடனே செய்யாதவன், கண்ணைப் பார்க்காதவன், தேவையில்லாமல் கைகளை அசைப்பவன் ஐயத்துக்குரியவன் என்று காவலரின் கண் பழக்கப்பட்டிருக்கிறது. இவை மூன்றும் ஆட்டிசத்தின் அன்றாட இயல்புகள். இந்த வேறுபாட்டை அறியாத காவலரின் கவனம் ஒரு சிறுவன் மேல் வீணாகிறது. அந்நேரம் மற்ற பக்கம் பார்க்க ஆளில்லை. அறிந்த காவலரே கூர்மையான காவலர்.

பிற இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். லண்டனின் கேட்விக் நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூ வரைந்த கழுத்துப்பட்டை தொடங்கியது. அணிந்திருப்பவருக்குக் கண்ணுக்குத் தெரியாத குறை உண்டு, சற்றுப் பொறுமை வேண்டும் என்பது அதன் பொருள். இந்தியாவிலும் பெங்களூர், தில்லி நிலையங்கள் அதை ஏற்றுள்ளன. பாஸ்டனில் 2011 முதல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு விமான நிலையத்திலேயே முழு ஒத்திகை நடத்துகிறார்கள். சிங்கப்பூரின் சாங்கி நிலையம் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் படக்கதையாக வெளியிட்டிருக்கிறது.

பிள்ளையின் கழுத்தில் அடையாளம் மாட்டுவது அவனை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகாதா என்று கேட்கும் பெற்றோரின் தயக்கம் நியாயமானது. விருப்பமிருந்தால் மட்டும் என்பதே அதற்கு விடை. சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்ற ஐயத்துக்கு ஒரு பதில்தான் உண்டு: பட்டை அணிந்தவரைச் சோதிக்க வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. சோதனை அதேதான், முறை மட்டும் வேறு.

முக்கொம்பில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொள்ளிடம் தாழ்வான படுகை. விட்டால் காவிரி நீரெல்லாம் அதில் இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் மேலணை கட்டினார். ஆனால் வெள்ளம் வரும்போது அதே கதவுகளைத் திறந்து மிகுநீரைக் கொள்ளிடத்தில் விடுகிறோம். வெள்ளம் ஆற்றின் குற்றம் என்று எவரும் சொல்வதில்லை.

கேட்பது பெரிதொன்றுமில்லை. உடற்சோதனை வேளையில் தாயோ தந்தையோ, ஆணாயினும் பெண்ணாயினும், பிள்ளையின் கண்ணெதிரே நிற்க அனுமதி வேண்டும். கையிலுள்ள பொருளைக் கடைசியாக வாங்கி முதலாவதாகத் திருப்பித் தர வேண்டும். கூட்டம் குறைந்த ஒரு வழியில் அழைத்துச்செல்ல வேண்டும். திருச்சி போன்ற நிலையங்களில் மாதம் ஒருமுறை, விமானங்கள் குறைந்த நேரத்தில், இப்பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்தலாம். பணம் அதிகம் செலவாகாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். "இப்போது உன் தோளைத் தொடப்போகிறேன்" என்ற ஒரு வாக்கியத்தைப் பயிற்சியில் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. அந்த வாக்கியம் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மட்டுமன்று, வரிசையில் நிற்கும் நம் எல்லோருக்கும் உரியது.